அதே சாக்கெட், அதே 1151 முனை

ஓய்வு பெற்றவர்கள் நாலு பேர் கூடினால் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு அடுத்தபடியாக இப்போது பேசுவது விண்டோஸ் 10 பற்றித்தான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவிவிட்டது. வேண்டுமானால் பதிவு செய்துகொள்ளுங்கள், இன்னும் ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் தருகிறோம் என்று ஒரு சலுகை. அதற்குப் பிறகு?

அப்கிரேட் செய்யுங்கள் என்கிறார்கள். எங்கள் தெருவில் குடும்பப் பென்ஷன் வாங்கும் ஓர் அம்மா இருக்கிறார். மகள் பிரான்சில். பேரப்பிள்ளை முகத்தைப் பார்ப்பதும், இரண்டு கடிதம் டைப் செய்வதும்தான் அவருக்குக் கம்ப்யூட்டரில் வேலை. கடையில் 31,000 ரூபாய் கொட்டேஷன் கொடுத்தார்கள். பிராசஸர் மாற்ற வேண்டும், அதற்காக மதர்போர்டு, அதற்காக ராம், அதற்குமேல் விண்டோஸ் லைசென்ஸ். கம்ப்யூட்டரோடு வந்த லைசென்ஸ் பழைய மதர்போர்டோடு கட்டுண்டது, புதியதில் செல்லாதாம். மிஞ்சுவது டப்பாவும் மானிட்டரும். இதற்குப் பெயர் அப்கிரேடா? அவருடைய இரண்டு மாதப் பென்ஷன் ஐயா அது!

"டெக்னாலஜி வளருது தாத்தா, உங்களுக்குப் புரியாது" என்று வீட்டுப் பிள்ளைகள் சொல்வார்கள். வளரட்டும். ராம் டிடிஆர்4-லிருந்து டிடிஆர்5-க்குப் போனால் பழைய போர்டில் ஏறாது, அது நியாயம், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த அம்மாவின் கதை அதுவல்ல.

அவரிடம் இருப்பது 2017-இல் வந்த இன்டெல் 7-ஆம் தலைமுறை, கோர் ஐ5-7400. நாலு கோர், 65 வாட். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதிகூட அதில் உண்டு, பயாஸில் போய் ஆன் செய்தால் போதும். இருந்தும் 8-ஆம் தலைமுறைக்கு முந்தியது என்பதால் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு வந்த 8-ஆம் தலைமுறை ஐ3-8100-க்கு அனுமதி உண்டு. அதுவும் நாலு கோர், 65 வாட். அதன் சாக்கெட்டும் எல்ஜிஏ 1151தான். சாக்கெட்டில் உட்காரவும் செய்யும். அப்படியென்றால் அதை மட்டும் வாங்கி மாட்டிவிடலாமே? முடியாது. வேலை செய்யாது. புதிய 300 வரிசை போர்டு வேண்டுமாம். மின்சாரம் கொடுக்கும் அமைப்பு மாறிவிட்டது என்றது இன்டெல். ஆறு கோர் பிராசஸருக்கு அந்தக் காரணத்தைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். நாலு கோர் ஐ3-க்குமா? கைவேலை தெரிந்த சிலர் பயாஸைத் திருத்தி, சில முனைகளை மறைத்து, 8-ஆம் தலைமுறையைப் பழைய போர்டிலேயே ஓட்டிக் காட்டிவிட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. 7-ஆம் தலைமுறை கூடாது என்று சொன்ன மைக்ரோசாஃப்டே 2021 ஆகஸ்டில் ஐ7-7820எச்க்யூ என்ற 7-ஆம் தலைமுறை பிராசஸருக்கு விலக்கு அளித்தது. அது எதில் இருக்கிறது தெரியுமா? அவர்களே விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2-வில்! நானும் கவர்மென்ட் ஆபீசில் எத்தனையோ விதிவிலக்கு ஃபைல்களைப் பார்த்தவன். இவ்வளவு துணிச்சலான குறிப்பு எந்த ஃபைலிலும் இருந்ததில்லை.

முடியாது என்பதெல்லாம் பொய் என்பதற்கு ஏஎம்டி சாட்சி. 2017-இல் வாங்கிய அதன் ஏஎம்4 போர்டுகள் பலவற்றில் 2022-இல் வந்த பிராசஸரும் ஓடுகிறது. பயாஸைப் புதுப்பித்தால் சரி. அந்தக் கம்பெனியும் முதலில் முரண்டு பிடித்துப் பிறகுதான் இறங்கிவந்தது. ஆக, மனம் இருந்தால் முடிகிறது.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். ஆபீசில் அந்தப் படிப்பு ஒரு பிரமோஷனும் வாங்கித் தரவில்லை. ஆனால் இந்த அக்கிரமத்துக்கு ஒரு பெயரைக் கற்றுக்கொடுத்தது: ஒப்சொலெசான்ஸ் ப்ரொக்ராமே. திட்டமிட்டே பொருளைப் பழசாக்குவது. பிரான்சில் 2015 முதல் அது குற்றம். 2 ஆண்டு சிறை, 3 லட்சம் யூரோ அபராதம் வரை போகலாம். நம் நாட்டில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தார்கள். இணையதளம் சட்டமாகுமா? ஆபீசில் எங்கள் டைப்ரைட்டருக்கு ரிப்பன் மாற்றினோம், ரோலர் மாற்றினோம். ரோலருக்காக மெஷினையே மாற்றச் சொல்லியிருந்தால் ஆடிட்காரர் சும்மா விட்டிருப்பாரா?

அந்த அம்மாவின் கம்ப்யூட்டரில் ஒரு எஸ்எஸ்டி போட்டு, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் ஏற்றியாயிற்று. பேரன் தெரிகிறான். மாற்றியே ஆகவேண்டும் என்பவர்கள் கொட்டேஷனில் சாக்கெட் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். அதே சாக்கெட்டில் அடுத்த தலைமுறை பிராசஸர் ஓடுமா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.