அதிகாலை ஐந்து மணிச் சத்தம்

நம் புதுச்சேரியில் என் வயதுக்காரர்கள் பலருக்கு மகனோ மகளோ பிரான்ஸில் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் அங்கே போய்த் தங்கியவர்களுக்கு நான் சொல்லும் சத்தம் பழக்கமாயிருக்கும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் பெரிய கொதிகலன் ஒன்று இருக்கும். அதில் காய்ந்த தண்ணீர் குழாய்வழியே மாடி மாடியாக ஏறி, ஒவ்வோர் அறையிலும் சன்னலுக்குக் கீழே இருக்கும் ரேடியேட்டருக்குள் சுற்றிவிட்டு மறுபடி கீழே இறங்கும். அறை சூடாகும். 'ஷொஃபாழ் சாந்த்ரால்' என்பார்கள். வீட்டுக்குள் 19 டிகிரிதான் வைக்கவேண்டும் என்று அங்கே சட்டமே உண்டு. நமக்கு அது போதாது, ஸ்வெட்டரோடுதான் உட்கார்ந்திருப்போம்.

என் மகள் வீடு பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில், ஐந்தாவது மாடி. அதற்குமேல் மாடி கிடையாது. நான் போன இரண்டாவது வாரம் கதவுக்கடியில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது. நாலாவது மாடி அம்மாள் எழுதியது. தினமும் விடியுமுன் ஐந்து மணிக்கு எதையோ இடிக்கிறீர்கள், தூங்க முடியவில்லை, தயவுசெய்து நிறுத்துங்கள் என்று இரண்டு வரி. மகள் படித்துவிட்டு அழுதுவிட்டாள். மாப்பிள்ளைக்குக் கோபம். "நாம மசாலா இடிக்கிறோம்னு நெனைக்கிறா மாமா. நம்ம நிறத்தப் பாத்துட்டுதான் எழுதியிருக்கா" என்றார். பதிலைப் பதிவுத் தபாலில் கட்டட நிர்வாகத்துக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். என் மனசும் அதைத்தான் சொன்னது, மறைப்பானேன்.

ஆனால் நான் முப்பத்தைந்து வருடம் மனுக்களுக்குக் கோப்புப் போட்டவன். பக்கத்து வீட்டுத் தாழ்வாரத் தண்ணீர் என் சுவரில் விழுகிறது, எதிர்வீட்டு மாமரக் கிளை என் ஓட்டை உடைக்கிறது என்று எத்தனை மனு! மனுக்காரரும் எதிர்மனுக்காரரும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம் குடியிருப்பார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டார்கள். கோப்பு மட்டும் தடித்துக்கொண்டே போகும். அதனால் எந்தப் புகாருக்கும் காகிதத்தில் பதில் போடக்கூடாது, முதலில் படியிறங்கிப் போகவேண்டும் என்பது என் கட்சி. மாப்பிள்ளை ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரு வாரம் பொறுங்க" என்று கேட்டுக்கொண்டேன்.

எனக்கு எப்படியும் நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரம் எழுத ஆரம்பித்தேன். ஏழு நாளும் ஐந்து மணிக்கு முன்பின் ஐந்து நிமிடத்துக்குள் ஆரம்பம். முதலில் டிக், டிக். பிறகு உலக்கை விழுவதுபோல நாலைந்து இடி. ஐந்தரைக்கு அடங்கிவிடும். குழாயைத் தொட்டுப் பார்த்தேன். இரவில் வெதுவெதுப்பு, அந்த நேரத்தில் மட்டும் விறுவிறுவென்று சூடேறியது. கொதிகலனை ராத்திரி தணித்து வைத்துவிட்டு, எல்லோரும் எழுவதற்குமுன் ஏற்றிவிடுகிறார்கள்.

நம் ஊர்த் தகரக் கொட்டகை வெயில் ஏறும்போது படபடவென்று வெடிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அதே சங்கதிதான். அடித்தளத்திலிருந்து ஐந்தாம் மாடிவரை 15 மீட்டர் இரும்புக் குழாய் என்று வையுங்கள். 40 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நீளும். நீள இடம் இருந்தால் சத்தமில்லாமல் நழுவிக்கொள்ளும். எங்காவது பிடித்துக்கொண்டால் முண்டி முண்டி, ஒரு கட்டத்தில் துள்ளும். அதுதான் இடி.

நோட்டை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அம்மாளுக்கு என் வயது, தனியாக இருக்கிறார். என் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சைக் கேட்டுக் கொஞ்சம் அசந்துபோனார். "மதாம், நாளைக் காலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டுக்குக் காப்பி சாப்பிட வாருங்கள்" என்றேன். வந்தார். சமையலறை மேசையைச் சுற்றி நாங்கள் நாலு பேர், யாரும் அசையவில்லை. சொல்லிவைத்தாற்போல் சத்தம் வந்தது. அம்மாள் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார்.

விஷயம் அங்கே முடிந்திருந்தால் நமக்குத்தான் வெற்றி. நிர்வாகம் அனுப்பிய ஆள் வந்து, குழாய் தரையிலிருந்து வெளிப்படும் இடத்தைத் தட்டிப் பார்த்தார். குழாயைச் சுற்றி விரல் நுழையாத சிறு இடைவெளி இருக்கவேண்டுமாம். அங்கே வெள்ளைக் காரை கெட்டியாக அடைத்திருந்தது. போன கோடையில் புதுத் தரை போட்டபோது, பார்க்க அழகாயில்லை என்று அடைத்தது யார்? மாப்பிள்ளையேதான். அந்த ஆள் காரையைச் சுரண்டி எடுத்துவிட்டு, மெத்தென்ற பட்டையைச் சுற்றிவிட்டுப் போனார். அரை மணி நேர வேலை.

அன்று ராத்திரி வீட்டில் வாக்குவாதம். குழாய் தப்பு என்றே அம்மாள் நினைத்துக்கொள்ளட்டும், நாமாகப் போய் ஏன் சொல்லவேண்டும் என்றார் மாப்பிள்ளை. அவர் பயமும் நியாயம்தான். அந்நிய தேசத்தில் ஒரு தப்பை ஒப்புக்கொண்டால் அடுத்த பத்துத் தப்புக்கும் நம்மைத்தான் கைகாட்டுவார்கள். ஆனால் அந்த அம்மாள் நம் வீட்டு மேசையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அது அவர் கேட்கவேண்டிய மன்னிப்பு இல்லை. மாப்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை நானும் மகளும் கீழே போய்ச் சொன்னோம்.

அம்மாள் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "முசியே, என் படுக்கையறையில் வேறு ஒரு சத்தம் இருக்கிறது, பார்க்கிறீர்களா?" என்றார். போய்க் கேட்டேன். ரேடியேட்டருக்குள் களகளவென்று வயிறு இரைகிறமாதிரி. அது இடி அல்ல, காற்று. அதற்கு வைத்தியம் 'புர்ஜ்'. பேதிக்குக் கொடுப்பதற்கும் பிரெஞ்சில் அதே வார்த்தைதான். சின்ன வயசில் விடிகாலையில் பாட்டி மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றினது எனக்கு ஞாபகம் வந்தது. ரேடியேட்டர் ஆறியிருக்கும்போது, மேல்மூலையில் இருக்கும் சிறு திருகைச் சாவியால் அரைச்சுற்றுத் திருப்பவேண்டும். காற்று உஸ்ஸென்று போகும். தண்ணீர் விடாமல் வந்ததும் மூடிவிடவேண்டும். கீழே கிண்ணமும் பழந்துணியும் அவசியம், வருவது மைபோலக் கறுத்த தண்ணீர். தனி வீடாக இருந்தால் பிறகு கொதிகலனின் அழுத்தமானியையும் பார்த்து, 1 பாருக்குக் கீழே போயிருந்தால் தண்ணீர் சேர்க்கவேண்டும்.

மகள் துணியைப் பிடித்துக்கொள்ள, நான் திருகினேன். காற்றெல்லாம் போக இரண்டு நிமிடம் ஆனது. நாங்கள் மேலே வந்தபோது மாப்பிள்ளை காப்பி போட்டு வைத்திருந்தார்.