அளவு ஒன்று, குணம் இரண்டு

குதிரை வாங்குவோர் நிறத்தை மட்டும் கண்டு பணத்தை எண்ணுவதில்லை, சுழியும் பார்ப்பார்கள். பழைய மோட்டார் வாங்குவோருக்கும் இது பொருந்தும்.

பியட் கம்பெனியார் உருவாக்கிய 1248 ஸி.ஸி. டீசல் என்ஜினை எடுத்துக் கொள்வோம். 2020-ல் புகைக் கட்டுப்பாடு கடுமையானதும் புது வண்டிகளிலிருந்து அது விடைபெற்றது. பழைய வண்டிகளில் இன்றும் ஏராளம். மாருதியில் டி.டி.ஐ.எஸ்., டாடாவில் குவாட்ராஜெட், பியட்டில் மல்டிஜெட் என நாமங்கள் மூன்று. பதிவுச் சான்றில் அளவு ஒன்றே; குணமோ இரண்டு.

ஸ்விப்ட், டிசையர் வண்டிகளில் திறன் சுமார் 75 குதிரை. டர்போ எளிய அமைப்புடையது. எர்டிகா, சியாஸ் வண்டிகளில் 90. அங்கே டர்போவினுள் அசையும் சிறு தகடுகள் உண்டு. கரி படிந்து அவை இறுகினால் மேட்டில் வண்டி திணறும். பழுது பார்க்கும் செலவு சேமிப்பைக் கரைத்துவிடும். டாடா விஸ்டாவில் இருவகையும் வந்தன. விசாரித்தே அறிய வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று: காலத்தில் எண்ணெய் மாற்றாவிடில் டைமிங் செயின் தளரும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது கலகலவென்று ஓசை எழுந்தால் எச்சரிக்கை கொள்க. நாம் போகுமுன்பே என்ஜின் சூடாயிருந்தால், மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்புவதே விவேகம். மெருகைவிட எண்ணெய் மாற்றிய ரசீதுகளையே நாம் நம்புவோம்.