ஓசிக் காத்துல ஜெயிச்சவன் வீரனா?

எந்த ஊர் சைக்கிள் ரேஸாக இருந்தாலும் சரி, முடிந்த பிறகு டீக்கடை வாசலில் ஒரே சண்டைதான்.

"கடைசி வரைக்கும் என் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வந்தான்டா. கோடு தெரிஞ்சதும் வெட்டிக்கிட்டுப் போயிட்டான்."

"அதுக்குப் பேருதான்டா டெக்னிக். உனக்கு மூளை இல்லைன்னா நான் என்ன பண்றது?"

நடுவில் யாராவது பெரியவர் வருவார். பெரும்பாலும் பி.டி. மாஸ்டராகத்தான் இருப்பார். "ரேஸுன்னா அவனவன் தனித்தனியா ஓட்டணும். சேர்ந்து ஓட்டுறதே தப்பு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு விசிலை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இதில் தப்பாகப் பேசுவது இரண்டு பேர். ஒருத்தர் 'டெக்னிக்' பார்ட்டி, இன்னொருத்தர் பி.டி. மாஸ்டர். ஒருத்தரை ஒருத்தர் எதிரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் இரண்டு பேரும் நம்புவது ஒரே பொய்யைத்தான்: ஜெயிக்கிறவன் தனியாகத்தான் ஜெயிக்கிறான் என்ற பொய்.

முதலில் காற்றைப் பற்றிப் பேசுவோம்.

காட்டூரிலிருந்து பழவேற்காடு வரைக்கும் நாலு பசங்க ரேஸ் விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கியர் சைக்கிள் எல்லாம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த சைக்கிள்தான். வடக்கே ஏரியைப் பார்த்துப் போகிற பாதை. மேடு கிடையாது, பள்ளம் கிடையாது, கடற்கரை ஓரத்துத் தட்டை நிலம். அப்படியென்றால் எதிரி யார்? காற்று மட்டும்தான். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று நேராக மூஞ்சியில் அறையும்.

சமதரையில் கொஞ்சம் வேகம் பிடித்துவிட்டால் சைக்கிள்காரன் மிதிப்பதில் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கத்தான் செலவாகிறது. அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். அதாவது வேகத்தை இரட்டிப்பாக்கினால் அந்தச் செலவு எட்டு மடங்கு. ஆனால் முன்னால் ஒருத்தன் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், அவன் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவனுக்கு உழைப்பில் கால்வாசியோ அதற்கு மேலோ மிச்சம். 2018-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் சோதித்தார்கள். கூட்டத்தின் நடுவில், பின்பகுதியில் ஒளிந்து வருகிறவன் மேல் படும் காற்றின் தடை, தனியாகப் போகிறவன் மேல் படுவதில் வெறும் 5 முதல் 10 சதவீதம்தான் என்று தெரிந்தது. நம்பவே முடியாத அளவு லாபம்!

இப்போது நம்ம நாலு பேர் கணக்குக்கு வருவோம். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது அல்வா. புரிவதற்காக எண்களை எளிதாக்கிக்கொள்வோம். காற்றுக்கு முன்னால் நிற்பவனின் செலவு 100. பின்னால் ஒளிந்து வருபவனின் செலவு 70.

நாலு பேரும் சமமாக முறை வைத்து முன்னால் போனால், ஆளுக்குச் சராசரி 77.5. தனியாகப் போனால் ஆகிற 100-க்கு இது எவ்வளவோ மேல்.

இப்போது நாலாவது ஆசாமி 'டெக்னிக்' பண்ணுகிறான். முறை வரும்போதெல்லாம் "மச்சி, தொடை பிடிச்சுக்கிச்சு" என்கிறான். மீதி மூணு பேர்தான் மாற்றி மாற்றி முன்னால் போகிறார்கள். அவர்களுடைய சராசரி 80 ஆகிறது. அவனுக்கு முழுக்க 70.

ஐந்தொகை போட்டுப் பாருங்கள். அவன் மிச்சம் பிடித்தது 7.5. மற்ற மூணு பேரும் ஆளுக்கு 2.5 கூடுதலாகச் செலவழித்தார்கள். மூணு இரண்டரை ஏழரை. பைசா சுத்தமாக டேலி ஆகிறது! அவனுடைய வரவு எங்கிருந்தோ வானத்திலிருந்து குதிக்கவில்லை. மூணு பேர் பாக்கெட்டிலிருந்து ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்தது. கோட்டுக்கு இருநூறு அடி முன்னால் அவன் காலில் மிச்சம் இருக்கிற தெம்பு அவனுடையதே இல்லை.

இதற்கு டெக்னிக் என்று பெயர் வைப்பதைவிட, ஏலச்சீட்டில் முதல் மாதமே சீட்டை எடுத்துவிட்டு அப்புறம் தவணை கட்டாமல் ஊரைவிட்டு ஓடுகிறவனை 'நிதி நிபுணர்' என்று கூப்பிடலாம். :-)

பொருளாதாரப் பாடத்தில் இந்த ஆசாமிக்கு ஒரு பெயரே உண்டு: ஃப்ரீ ரைடர். ஓசிச் சவாரிக்காரன். எல்லோரும் சேர்ந்து உண்டாக்கும் பலனைத் தன் பங்கைத் தராமலே அனுபவிக்கிறவன். மேன்கர் ஓல்சன் 1965-ல் எழுதிய புத்தகத்திலிருந்து இன்றுவரை பேராசிரியர்கள் இவனைப் பற்றி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் உவமையாக வருகிறவன், ரேஸில் மட்டும்தான் நிஜமாகவே சைக்கிளில் ஏறி உட்கார்ந்து வருகிறான்.

"ரூல்ல தப்புன்னு இருக்கா?" என்று கேட்பார்கள். இல்லைதான். ரோடு ரேஸில் பின்னால் ஒட்டி வருவது உலகம் முழுக்க அனுமதிக்கப்பட்டது. ஆனால் விதிப்புத்தகத்தில் இல்லாத சட்டம் ஒன்று ரோட்டில் இருக்கிறது. தொழில்முறை ரேஸில் நாலைந்து பேர் கூட்டத்தைவிட்டுப் பிய்த்துக்கொண்டு முன்னால் போகும்போது, ஒருத்தன் முறை எடுக்காமல் ஏமாற்றினால் மற்றவர்கள் கையை ஆட்டித் திட்டுவார்கள். வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பார்கள். அதனால் எல்லோருமே பின்னால் வரும் கூட்டத்திடம் மாட்டித் தோற்றாலும் பரவாயில்லை என்று இருப்பார்கள். ஓசிக்காரனுக்கு வெற்றியைத் தூக்கிக் கொடுப்பதைவிடத் தோற்பதே மேல். கோடிக்கணக்கில் காசு புரளும் இடத்திலேயே இந்த மானம் இருக்கிறது.

அடுத்தது பி.டி. மாஸ்டர். இவருக்கு முன்னோடி ஒருத்தர் இருந்தார். டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை 1903-ல் தொடங்கிய பத்திரிகை ஆசிரியர் ஹென்றி தெகிராஞ்ச். மனுஷனுக்குத் தனிமனித வீரம் என்றால் உயிர். ஒருத்தனுக்கு ஒருத்தன் உதவினாலே அவருக்கு ஆகாது. 1911-ல் மொரிஸ் புரோக்கோ என்ற வீரர், தனக்கு ஜெயிக்க வாய்ப்பில்லை என்று தெரிந்ததும் இன்னொருவருக்கு வழித்துணையாக ஓட்டினார். தெகிராஞ்ச் அவரை 'வீட்டு வேலைக்காரன்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லால் திட்டினார்.

1913-ல் நடந்தது இன்னும் கொடுமை. யூஜீன் கிறிஸ்தோஃப் என்ற வீரரின் சைக்கிள் ஃபோர்க் மலைப்பாதையில் உடைந்துவிட்டது. மனுஷன் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு கிலோமீட்டர் கணக்கில் மலையிறங்கி, அடிவாரத்து ஊரில் ஒரு கொல்லன் பட்டறையைக் கண்டுபிடித்து, தன் கையாலேயே ஃபோர்க்கைப் பற்றவைத்தார். மணிக்கணக்கில் நேரம் போனது. நடுவர்கள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அதற்கு மேலும் அபராத நேரம் போட்டார்கள். காரணம்? பட்டறையில் துருத்தி ஊதியது ஒரு சின்னப் பையன். அது 'வெளி உதவி'யாம்!

அப்புறம் என்ன ஆச்சு? காற்று தெகிராஞ்சின் பேச்சைக் கேட்கவில்லை. 1930-லிருந்து அவரே அணிமுறையைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அவர் வசவாக வீசிய அந்தச் சொல் இன்று அணித்தலைவனுக்காகக் காற்றைத் தாங்கும் வீரர்களின் கௌரவமான தொழிற்பெயர். பந்தயத்தை ஜெயித்தவர் பரிசுப்பணத்தை அணியினரோடு பங்கிடுவது அங்கே மரபு. மேடையில் நிற்பது ஒருத்தன். காசு எல்லோருக்கும், ஏனென்றால் காற்று எல்லோர் மேலும் பட்டது.

தனித்தனியாக யாருக்கு எவ்வளவு தெம்பு என்று அளக்க ஆசையா? தாராளமாக டைம் டிரையல் வையுங்கள். நிமிஷத்துக்கு ஒருத்தராக அனுப்பி நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். கூட்டமாக அனுப்பிவிட்டு 'கூடாதே' என்று கத்துவது, ஏரியில் தள்ளிவிட்டு 'நனையாதே' என்று சொல்கிற கதை.

நம்ம ஊர் நிலைமையைப் பாருங்கள். அறிஞர் அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்டந்தோறும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள், மாணவிகளுக்குத் தனியாக. நல்ல விஷயம் என்னவென்றால், சாதாரண கைப்பிடி உள்ள இந்தியத் தயாரிப்பு சைக்கிள்தான் அனுமதி. லட்ச ரூபாய் கார்பன் சைக்கிளுக்கு வேலையில்லை. பரிசு முதல் மூவருக்கு 5000, 3000, 2000 ரூபாய். நாலிலிருந்து பத்துவரை வந்தவர்களுக்கு 250 ரூபாய். இந்தப் படிக்கட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். பாதி தூரம் காற்றைத் தாங்கி நாலாவதாக வந்த பிள்ளைக்கு 250. அவன் முதுகுக்குப் பின்னால் சொகுசாக வந்து கடைசியில் தாவிய பிள்ளைக்கு 5000. ஆணையத்தைக் குற்றம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை, கோடு தாண்டும் வரிசையைத்தான் அவர்களால் எண்ண முடியும். எண்ண முடியாததை எண்ண வேண்டியது கூட ஓட்டியவர்கள். அங்கேதான் சிநேகிதம் வருகிறது.

இதைக் கற்றுக்கொள்ள ஐரோப்பாவுக்கு ஃபிளைட் பிடிக்க வேண்டாம். காட்டூர்ப் பசங்க சைக்கிள் போய் நிற்கிற அதே பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்துப் பக்கம் இறால் அதிகம் விழும். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் எந்த ஊர், எந்தக் குழு, எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துச் சுழற்றிக்கொள்கிறார்கள். இன்று நல்ல பாடு உனக்கு, அடுத்த முறை எனக்கு. தன் முறையில் ஒருத்தன் எவ்வளவு பிடிக்கிறான் என்பது அவன் சாமர்த்தியம். ஆனால் முறையை மீறினால் ஊர் கேட்கும். பொதுச்சொத்து என்றாலே ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று காரெட் ஹார்டின் 1968-ல் எழுதினார். அப்படியில்லை, மக்களே விதி போட்டுக் காப்பாற்றுவார்கள் என்று உலகம் முழுக்க உதாரணங்கள் காட்டிய எலினோர் ஆஸ்ட்ரமுக்கு 2009-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. பழவேற்காட்டு வலைக்காரருக்கு அதைக் கேட்டு ஆச்சரியமே வந்திருக்காது.

சைக்கிள் ரேஸில் முன்னால் போகும் முறையும் ஒரு பாடுதான். ஒரு வித்தியாசம், இங்கே முறை வைத்துப் பங்கிடுவது லாபத்தை அல்ல, கஷ்டத்தை.

உடனே ஒரு நியாயமான எதிர்வாதம் வரும். "நாலு பேர் கூட்டு சேர்ந்தா அது கேங் ஆயிடாதா? அஞ்சாவது ஆளை ஒதுக்க மாட்டாங்களா?" ஒதுக்குவார்கள். பாடு முறையிலேயே அந்தக் கறை உண்டு. அந்த உரிமை பரம்பரையாக ஒரு சாதிக்காரர்களின் ஊர்களுக்குத்தான். ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்கு அதில் முறை கிடையாது. முறையை ஒழுங்காகக் காப்பாற்றிய அதே கைகள்தான் கதவையும் சாத்தின. இதை மறைத்துவிட்டுப் பாடு முறைக்குப் பஜனை பாடுவது அயோக்கியத்தனம்.

அதனால்தான் ரேஸ் கூட்டணிக்கு மூணு நிபந்தனை வேண்டும்.

1. பேச்சு வெளிப்படையாக இருக்கணும். புறப்படும்போதே எல்லோர் காதிலும் விழும்படி பேசணும்.

2. சக்கரம் பிடிக்க முடிந்த யாரும் உள்ளே வரலாம். எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம், ஆணா பெண்ணா என்ற கேள்வியே கூடாது. அரசு சைக்கிள் திட்டமே 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளில் தொடங்கி அப்புறம்தான் எல்லோருக்குமாக விரிந்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

3. கடைசி அரைக் கிலோமீட்டரில் கூட்டணி முடிந்துவிடணும். அதற்கப்புறம் அவனவன் கால், அவனவன் கோடு. யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்தால் அது சிநேகிதம் இல்லை, மேட்ச் ஃபிக்ஸிங்.

இன்னொன்றும் சொல்லியாகணும். முறை எடுக்க முடியாதவனும் முறை எடுக்காதவனும் ஒன்றல்ல. எட்டாவது படிக்கிற நோஞ்சான் பையன் மூச்சு வாங்க ஒட்டிக்கொண்டு வந்தால், அவனை நடுவில் விட்டு இழுத்துக்கொண்டு போவதுதான் அண்ணன்களுக்கு அழகு. அவன் அடுத்த வருஷம் முன்னால் போவான். தெம்பை மறைத்துவைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிற மாதிரி நடிக்கிறவன்தான் பிரச்சினை. எவன் எந்த ரகம் என்று ஸ்டாப் வாட்ச் சொல்லாது, கூட ஓட்டியவனுக்குத் தெரியும்.

ரேஸ் விட்ட பசங்க நாளைக்கு வேலைக்குப் போவார்கள், சங்கத்தில் சேருவார்கள், கூட்டுத் தொழில் பண்ணுவார்கள். "மாட்டிக்காத வரைக்கும் அடுத்தவன் முதுகுல வா" என்பதை டெக்னிக் என்று பதினைந்து வயதில் கைதட்டிப் பழக்கினால், முப்பத்தைந்து வயதில் வந்து நம்மிடம் சீட்டுப் பணம் கேட்பது அதே ஆள்தான்.

ஆகவே மக்களே, அடுத்த தடவை "யாருடா ஃபர்ஸ்ட்?" என்று கேட்கும்போது, கூடவே "எத்தனை தடவை முன்னாடி போனான்?" என்றும் கேட்டு வையுங்கள். பதில் சொல்ல அவன் யோசித்தால், டீக்காசை அவனையே கொடுக்கச் சொல்லுங்கள். மூணு பேருக்கும் ஆளுக்கு இரண்டரை பாக்கி இருக்கிறது.