வங்கி போட்ட மைனஸுக்கு நாம கடன்காரனா?



2023 டிசம்பர் வெள்ளத்தில் நம்ம தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசக்காட்டில் உளுந்தும் பாசியும் அழுகிப்போனது. நிவாரணப் பணம் கணக்கில் ஏறிய அன்றே 640 ரூபாயை என் வங்கி பிடித்துக்கொண்டது. கேட்டால், "மினிமம் பேலன்ஸ் வைக்கல. அபராதம் போட்டுப் போட்டு மைனஸ் ஆயிருச்சு" என்றார்கள்.

சண்டை போட்டோம். 640 ரூபாயைத் திருப்பி வரவு வைத்தார்கள். பாஸ்புக்கில் அடுத்த வரியிலேயே "ஓவர் டிராஃப்ட் பாக்கி" என்று அதே 640 பற்று! முன்வாசல்ல கொடுத்து பின்வாசல்ல எடுத்துக்கிட்டாங்க. ஓவர் டிராஃப்ட் வேணும்னு நாம கையெழுத்துப் போட்டோமா?

ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் உத்தரவு போட்டு, 2015 ஏப்ரல் 1 முதல் அமலாக்கிய விதி என்ன? மினிமம் பேலன்ஸ் அபராதத்தால் மட்டும் சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. அபராதத்துக்கு முன் தகவல் சொல்லி ஒரு மாதம் டயம் தர வேண்டும். ஆக, அந்த மைனஸ் கடனே இல்லை. இல்லாத கடனுக்கு வசூல் ஏது?

அந்த வெள்ளத்துக்கு முன்னால, 2023 செப்டம்பரில், மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாயிலேயே சில வங்கிகள் கை வைத்தன. பெண்கள் கேட்டார்கள், நிதியமைச்சர் தங்கம் தென்னரசு கண்டித்தார். கேட்டாத்தான் கிடைக்கும்.

பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்குங்க. இப்படி மைனஸ் இருந்தா எழுத்துமூலம் புகார் கொடுங்க. நகலில் சீல் வாங்குங்க. 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. மனு எழுதச் சங்கம் துணை நிற்கும்.

வாங்கின கடனை நாணயமாக் கட்டுவோம்! வாங்காத கடனுக்கு ஒத்தப் பைசா தர மாட்டோம்!

– சங்கச் செயலாளர்