தண்ணீரும் கழிப்பறையும் ஒரே உரிமைதான்

பங்குனி பிறந்துவிட்டால் போதும், தண்ணீர் குடியுங்கள் என்ற அறிவுரை நாலாபுறமும் கேட்கத் தொடங்கிவிடும். சுகாதாரத் துறை அறிக்கை விடும். தொலைக்காட்சியில் மருத்துவர்கள் லிட்டர் கணக்குச் சொல்வார்கள். தெருமுனைகளில் தண்ணீர்ப் பந்தல்கள் முளைக்கும். எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் அந்த அறிவுரை யாருக்கு மிகவும் தேவையோ அவர்களால்தான் அதன்படி நடக்க முடியவில்லை. தண்ணீர் கிடைக்காதது ஒரு காரணம். குடித்தால் ஒதுங்க இடமில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்தால் இது விளங்கும். விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். நீண்ட கம்பில் பொருத்திய பலகையால் பாத்தியில் விளைந்த உப்பை வரப்புக்கு வாரி ஒதுக்குவதும், அதைக் கூடையில் அள்ளித் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் குவிப்பதும்தான் வேலை. சூரியன் மேலேறியதும் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. வெள்ளை வெளேரென்ற உப்பில் பட்டுக் கீழிருந்தும் முகத்தில் அடிக்கும். வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் பாட்டில் வரப்போரம் கிடந்து, கொஞ்ச நேரத்திலேயே வெந்நீராகிவிடும். பெண்கள் அதையும் அளந்துதான் குடிக்கிறார்கள். ஒரு வாய் நனைத்துவிட்டு மூடிவைத்துவிடுகிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை பாத்திகள்தான். மறைவுக்கு ஒரு சுவர் கிடையாது, எங்கோ தொலைவில் நாலு சீமைக்கருவேலம் நிற்கும். மாதவிடாய் நாள்களில் படும் பாட்டைச் சொல்லி மாளாது.

இதன் விளைவு என்ன என்பது ஊகமல்ல. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர், தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு மீறிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. கழிப்பறை இல்லாத குறையையும் அந்த ஆய்வு சுட்டிக்காட்டியது. வெப்பத்தில் வேலை செய்யும் கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்தே பிறப்பதும் இரு மடங்காகும் அபாயம் இருப்பதை, தமிழ்நாட்டில் 800 பெண்களிடம் நடந்த மற்றோர் ஆய்வு காட்டியது. அதிலும் இந்தக் குழுவினருக்குப் பங்கு உண்டு.

உடம்புக்குள் நடப்பது சிக்கலான விஷயமல்ல. வெயிலில் உழைக்கும் உடல் வியர்வையை ஆவியாக்கித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. கடும் வேலையில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்வை வெளியேறக்கூடும். உடல் எடையில் இரண்டு விழுக்காடு நீர் குறைந்தாலே தாக்குப்பிடிக்கும் திறன் சரியத் தொடங்கிவிடும். ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது ஒரே ஒரு லிட்டர்தான். ரத்தத்தின் அளவு குறைவதால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. இருக்கும் ரத்தமும் வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கு ஓடுவதால், சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் சுருங்குகிறது. சிறுநீர் அடர் மஞ்சளாகிறது, எரிகிறது. கல் உருவாகிறது. அடக்கி வைப்பவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றும் சேர்ந்துகொள்கிறது. ஒருநாள் இப்படி இருந்தால் உடல் மீண்டுவிடும். ஆண்டுக்கு எட்டு மாதம், இருபது ஆண்டு இப்படியே போனால் மீள வழியில்லாத நிலையும் வரலாம்.

மத்திய அமெரிக்காவில் அது நடந்தேவிட்டது. நிகரகுவாவிலும் எல் சால்வடாரிலும் கரும்பு வெட்டும் இளைஞர்கள், சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாதவர்கள், ஆயிரக்கணக்கில் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார்கள். அங்கே கண்ட வழி வியப்பூட்டும் அளவுக்கு எளியது: தண்ணீர், ஓய்வு, நிழல். எல் சால்வடாரின் ஓர் ஆலையில் வெட்டுபவர்களுக்கு முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை கொடுத்தார்கள், தூக்கிச் செல்லக்கூடிய நிழற்கூடாரம் போட்டார்கள், குறித்த நேரத்தில் ஓய்வு தந்தார்கள், கையில் நல்ல வெட்டுக்கத்தியும் கொடுத்தார்கள். குடிக்கும் தண்ணீர் கால் பங்கு கூடியது. ஓர் ஆள் ஒரு நாளில் வெட்டும் கரும்பு 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னானது. கத்திக்கும் அதில் பங்குண்டு என்பது உண்மைதான். ஆனாலும் ஓய்வு கொடுத்தால் உற்பத்தி விழுந்துவிடும் என்று இங்கே முதலாளிகள் சொல்லும் வாதத்துக்கு அந்த வயல்களே பதில்.

கலிபோர்னியா 2005ஆம் ஆண்டிலேயே இதைச் சட்டமாக்கிவிட்டது. திறந்தவெளியில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிநீர் முதலாளி தந்தாக வேண்டும். வெயில் ஏறினால் நிழலும் தர வேண்டும். தமிழர்கள் ஏராளமாக வேலை செய்யும் கத்தாரில், 2021 முதல் ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை காலை 10 மணிக்கும் மாலை 3.30க்கும் இடையே திறந்தவெளி வேலை கூடாது. காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணிக்கும் வெப்ப அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். ராமநாதபுரத்துக் கொத்தனாருக்கு தோஹாவில் உள்ள இந்தப் பாதுகாப்பு, ராமநாதபுரத்தில் ஏன் இல்லை?

சட்டமே இல்லாத நாடல்ல இது. தொழிற்சாலைகள் சட்டம் 1948லேயே குடிநீரைக் கட்டாயமாக்கியது, 250 பேருக்கு மேல் இருந்தால் கோடையில் குளிர்ந்த நீர் தரச் சொன்னது, கழிப்பறையையும் கட்டாயமாக்கியது. ஆனால் அது மனதில் வைத்தது நாலு சுவரும் கூரையும் உள்ள ஆலையை. உப்பளமும் செங்கல் சூளையும் சாலைப் பணியும் அந்தப் பார்வைக்குள் சரியாக வரவில்லை. கடைகளில் வேலை செய்பவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2021இல் சட்டத்தைத் திருத்தி, உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. ஜவுளிக் கடைகளில் பன்னிரண்டு மணி நேரம் நின்று கால் வீங்கிய பெண்களுக்குக் கிடைத்த பெரிய வெற்றி அது. இருக்கை வந்த இடத்திலும் கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் கேட்டு நிற்க வேண்டியிருந்தால், அந்தப் பெண் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வாள். திருத்தம் அங்கே பாதி வழியில் நிற்கிறது.

பள்ளிகள் ஒரு படி முன்னே போயிருக்கின்றன. கேரளம் 2019இல் தொடங்கிய தண்ணீர் மணி, 2025இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தது. பாடம் நடக்கும்போதே மணி அடிக்கும். பிள்ளைகள் பாட்டிலைத் திறந்து குடிப்பார்கள். வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால் தாழ்ப்பாள் இல்லாத, தண்ணீர் வராத கழிப்பறை உள்ள பள்ளியில் எத்தனை மணி அடித்தாலும் மாணவிகள் உதட்டைத்தான் நனைப்பார்கள். பெற்ற தாய்மார்கள் அனைவருக்கும் தெரிந்த சங்கதி இது.

என்ன குடிப்பது என்பதிலும் குழப்பம் வளர்ந்திருக்கிறது. வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் அளவில்லாமல் குடிப்பதும் ஆபத்து. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 ஓட்டக்காரர்களில் 13 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் சோடியம் தாழ்ந்திருந்தது. தேவைக்கு மேல் குடித்ததே முக்கியக் காரணம். நாலு லிட்டர், ஐந்து லிட்டர் என்று எல்லாருக்கும் ஒரே கணக்குச் சொல்வது அதனால்தான் தவறு. உப்புப் போட்ட நீர்மோரும் நீராகாரமும் வெயிலில் உழைப்பவர்களுக்கு நம் ஊர் கண்டுவைத்த நல்ல வழிகள். உப்பும் சர்க்கரையும் சரியான விகிதத்தில் கலந்த கரைசலின் வலிமையை, 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்கான் முகாமில் மருத்துவர் திலீப் மகலானபிஸ் உலகுக்குக் காட்டினார். வாந்திபேதியில் செத்துக்கொண்டிருந்தவர்கள் பிழைத்தார்கள். ஓ.ஆர்.எஸ். என்ற அந்தக் கரைசலின் பெயரை ஒட்டிக்கொண்டு இனிப்புப் பானங்கள் கடைகளில் விற்றன. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரிக்கப்படாத எதற்கும் ஓ.ஆர்.எஸ். என்று பெயரிடக் கூடாது என 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடைபோட்டது. தாமதமாக வந்தாலும் சரியான முடிவு.

2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. அந்த அறிவிப்பில் இருந்த அக்கறையை மதிக்க வேண்டும். ஆனால் அந்தப் பணம் சாவுக்குப் பிறகு வருவது. சிறுநீரகம் மெல்ல மெல்ல அழியும் தொழிலாளி வெப்ப மரணக் கணக்கில் வரப்போவதே இல்லை. டயாலிசிஸ் வரிசையில்தான் வருவார்.

ஆகவே அரசு செய்ய வேண்டியது திட்டவட்டமானது. திறந்தவெளி வேலைக்கும் கடை வேலைக்கும் பொருந்தும்படி விதி வகுத்து, குடிநீர், நிழல், கழிப்பறை மூன்றையும் ஒரே கட்டளையில் சேர்க்க வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லையென்றால் அது மீறல் என்று எழுத வேண்டும். ஓய்வு நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது. மூட்டைக் கணக்கிலும் கூடைக் கணக்கிலும் கூலி வாங்குபவர்களுக்கும் இது பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் எவரும் நிழலில் உட்கார மாட்டார்கள். கத்தாரைப் போல வேலையை நிறுத்தும் வெப்ப அளவு ஒன்றை மாவட்டம்தோறும் அறிவிக்க வேண்டும். சின்ன உப்பள உரிமையாளர்களால் செலவைத் தாங்க முடியாது என்பது நியாயமான முறையீடு. அவர்களுக்கு நடமாடும் கழிப்பறைகளை நலவாரியத்தின் மூலம் அரசே கொடுக்கலாம். அரசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் பெரிய உப்பளங்களுக்கு அந்தச் சலுகை வேண்டாம். குத்தகைப் பத்திரத்திலேயே நிபந்தனையாக எழுதிவிடலாம்.

மழைக்காலம் முடிந்து தை, மாசியில் உப்பளங்களில் வேலை சூடுபிடிக்கும். அதற்குள் தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் ஆகிய மூன்று இடங்களிலாவது நிழற்கொட்டகைகளும் பெண்களுக்கான கழிப்பறைகளும் எழுந்துவிட வேண்டும். எத்தனை எழுந்தன, எங்கே எழவில்லை என்ற பட்டியலைத் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தின்போது பேரவையில் வைக்க வேண்டும்.