பிள்ளையும்தான் வெளிநாடு போகிறது

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, எங்கள் ஊர்களில் இருந்து குடும்பத்தோடு வெளிநாடு போகிறவர்கள் கூடிவிட்டார்கள். போவதைப் பிழை என்று சொல்ல வரவில்லை. அவரவர் கஷ்டம் அவரவருக்குத்தான் தெரியும். கூடப்போகிற பிள்ளையைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

விசா கைக்கு வரும்வரை யாருக்கும் சொல்லக்கூடாது, கண்ணூறு பட்டுவிடும் என்று நினைக்கிறோம். சில வீடுகளில் பிள்ளைக்கே கடைசிக் கிழமைதான் தெரியும். "ஸ்கூல்ல வாயத் திறக்கக் கூடாது" என்ற கட்டளையும் சேர்ந்தே வரும். பிறகு ஒரு நாள் வாப்பா வந்து விடுகைப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போவார். கூட்டாளிமாருக்குப் பயணம் சொல்லாமலே பிள்ளை போய்விடும்.

அங்கே போனதும் இரண்டாவது தடவையாக வாயை அடைக்கிறோம். "வீட்டில தமிழ் பேசாத, இங்கிலிஷ் வராது."

புது மொழிக்குள் போய் விழுந்த பிள்ளை முதல் சில மாதங்கள் வகுப்பில் பேசாமல் இருப்பது சாதாரணம். அது மக்கு இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறது. கனடாவைச் சேர்ந்த கல்வியியலாளர் ஜிம் கமின்ஸ் இதை ஆராய்ந்தவர். விளையாடும் இடத்தில் பேசுகிற மொழி ஏறக்குறைய 2 வருடத்தில் வந்துவிடும், பாடம் படிக்கிற மொழியில் மற்றப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 வருடம் வரை எடுக்கலாம் என்கிறார். தாய்மொழியில் விளங்கியது புது மொழிக்கும் உதவும் என்பதும் அவர் சொன்னதுதான். பின்னம் என்றால் என்ன என்று தமிழில் விளங்கிய பிள்ளைக்கு அதன் ஆங்கிலப் பெயர்தான் புதிது, கணக்கு புதிதில்லை. அப்படியிருக்க, இருக்கிற மொழியையும் ஏன் பறிக்க வேண்டும்?

ஊரில் இருக்கிற எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. வாட்ஸ்அப்பில் பிள்ளை வந்தால் "எங்க, இங்கிலிஷ்ல ஒண்டு பேசிக்காட்டு பாப்பம்" என்கிறோம். அடுத்த வருடம் அதே பிள்ளை தமிழில் தடுமாறினால் சிரிக்கிறோம். பிறகு அது போனுக்கே வராது. உம்மம்மாவுக்கும் பேரப்பிள்ளைக்கும் இடையில் "ஹாய், பாய்" மட்டும்தான் மிஞ்சும்.

போகிறவர்கள் ஒரு மாதத்துக்கு முன்னாவது பிள்ளைக்குச் சொல்லுங்கள். கூட்டாளிமாரிடமும் டீச்சரிடமும் பயணம் சொல்ல விடுங்கள். அங்கே வீட்டில் தமிழிலேயே பேசுங்கள். இங்கே இருக்கிறவர்கள் போனில் பரீட்சை வைக்காமல் "இண்டைக்கு என்ன சாப்பிட்ட, யாரோட விளையாடின" என்று கேளுங்கள். பிழையாகச் சொன்னாலும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருங்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு ஊருக்கு வரும்போது, எங்களோடு பேச அதற்கு ஒரு மொழி இருக்க வேண்டும்.