டேட்டா வெளியே வருமா? கேட்டு வாங்குங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம், "எந்த சாப்ட்வேர் நல்லது?" என்று கேட்கிறார்கள். அதில் போட்ட டேட்டாவை வெளியே எடுக்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை.

என் சித்தப்பா பெண்ணாடத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். முன்னூறு வாடிக்கையாளர்களின் பெயர், போன் எண், பாக்கி எல்லாம் பழைய பில்லிங் புரோகிராமில் இருந்தன. மொபைலில் கணக்கு ஆப் போட்டதும், அத்தனையையும் கையால் டைப் செய்தார். ஒரு எண் மாறிவிட்டது. கடனே இல்லாத பெரியவருக்கு "பாக்கி ரூ.8,400" என்று எஸ்.எம்.எஸ். போனது. அவர் கடைக்கே வந்து, "ஏம்ப்பா, நான் எப்ப உன்கிட்ட கடன் வச்சேன்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பார்த்தேன். அந்தப் புரோகிராமின் ரிப்போர்ட் மெனுவிலேயே எக்ஸெல் பைலாக எடுக்கும் வசதி இருந்தது. விற்றவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

பைலை மொபைலில் திறந்தால் பெயர்கள் எல்லாம் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல்! காரணம், அவை 'டாம்' எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. தமிழக அரசு 1999-இல் டாம், டாப் குறியீடுகளை ஏற்றது. 2010-இல் யுனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமாக அறிவித்தது. இன்றைய மொபைல்களுக்குத் தெரிந்தது யுனிகோடு தமிழ்தான். என்.எச்.எம். கன்வர்ட்டர் மூலம் பெயர்களை யுனிகோடுக்கு மாற்றினேன்.

ஆப் கேட்டது சி.எஸ்.வி. பைல். எக்ஸெல்லில் சாதாரண சி.எஸ்.வி.யாக சேவ் செய்தால் தமிழ் எழுத்துக்கள் கேள்விக்குறிகளாகிவிடும். 'சி.எஸ்.வி. யு.டி.எப்-8' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போன் எண் உள்ள காலத்தை, எண்களை இடும் முன்பே 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் முன்னால் வரும் 0 காணாமல் போகும். 91 சேர்த்த 12 இலக்க எண் 9.19இ+11 என்று சுருங்கி நிற்கும்.

மூன்று நாள் டைப் செய்த வேலை ஒரு மதியத்தில் முடிந்தது, பிழையில்லாமல்.

என் கருத்து இதுதான். டேட்டாவை வெளியே தராத சாப்ட்வேர் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். பணம் கொடுக்கும் முன், நாலு பெயர்களைத் தமிழில் போட்டு, அவற்றை வெளியே எடுத்து, உங்கள் மொபைலில் திறந்து காட்டச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். சித்தப்பா இப்போது மாதம் ஒரு முறை சி.எஸ்.வி. காப்பி எடுத்துப் பென் டிரைவில் வைக்கிறார்.